வாயைச் சுற்றிச் சிவப்பு

"சத்தியமா நான் தொடவே இல்ல, டாக்டர்! எங்க வேணாலும் வந்து சத்தியம் பண்றேன்!"

மூக்குக்கண்ணாடிக் கடை ஊழியர் கையெடுத்துக் கும்பிடாத குறை. பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி, 'இந்தக் கதையெல்லாம் என்கிட்ட வேண்டாம்' என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

பயந்துவிடாதீர்கள், அவர் தொடவில்லை என்று சொன்னது ஒரு க்ரீமைத்தான். வாயைச் சுற்றிப் பொடிப் பொடியாகச் சிவந்த பருக்கள். உதட்டை ஒட்டி ஒரு நூல் அகலம் மட்டும் தப்பித்திருந்தது. மனிதர் மருந்துக் கடையில் தானே கேட்டு வாங்கின ஸ்டீராய்டு க்ரீமை நாலு மாதமாகப் பூசியிருந்தார். பூசினால் அடங்கும், விட்டால் இரண்டு மடங்காக வரும், மறுபடி பூசுவார்.

"அந்த க்ரீம்தான் வியாதியே. இனிமே முகத்துல தண்ணியத் தவிர ஒண்ணும் படக்கூடாது. முதல் ரெண்டு வாரம் இன்னும் மோசமாகும். பயந்துபோய் மறுபடி ட்யூபைத் தேடாதீங்க, தானா அடங்கும்" என்று போன தடவையே டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ட்யூபைக் கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்டதே மனைவிதான். சொன்னபடியே மோசமாகி, ஐந்தாவது வாரம் முகம் பளிச்சென்று ஆனது. போன வாரம் பார்த்தால், தொலைந்த சனியன் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது!

ஒரு முழ தூரத்தில் முகத்தை வைத்து, வருகிறவர்கள் காதில் கண்ணாடியை மாட்டிவிடுகிற வேலை அவருக்கு. முதலாளி அவரைக் கவுண்டரிலிருந்து ஸ்டோர் ரூமுக்குத் தள்ளியாயிற்று. ஆனால் இப்போது அவர் தலைக்கு மேல் தொங்கிய கத்தி வேறு.

"எனக்குத் தெரியாம இன்னொரு ட்யூப் வாங்கி ஒளிச்சு வச்சுப் பூசறாரு, டாக்டர். க்ரீம் போனாப் போகுது. என்கிட்ட பொய் சொல்றாரு பாருங்க, அதான் தாங்கல" என்றாள் மனைவி. "இன்னிக்கு நீங்களே சொல்லிடுங்க. பொய்னு தெரிஞ்சா இப்படியே எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். போன்ல சொல்லியும் வச்சாச்சு."

சும்மா மிரட்டுகிறவள் இல்லை. மாத்திரைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலை. வளையல், பவுடர், கைக்கடிகாரம் என்று யார் எதைப் போட்டுக்கொண்டு வந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்புகிற ஆள். இன்றைக்கும் ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தாள்.

டாக்டரம்மாவுக்குத் துப்பறிவதென்றால் சோறு தண்ணி வேண்டாம். லென்ஸை எடுத்துக்கொண்டு அவர் முகத்தருகே குனிந்தார்.

"பேஸ்ட்?"

"மாத்திட்டேன், டாக்டர்."

"உதட்டுக்கு ஏதாவது தடவறீங்களா? இளைப்புக்கு மருந்து உறிஞ்சறீங்களா?"

"ஒண்ணுமே இல்ல டாக்டர், வெறும் தண்ணிதான்!"

டாக்டரம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். திடீரென்று முகம் மலர்ந்தது.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் பொய் சொல்லல."

"கேட்டியா! கேட்டுக்கிட்டியா!" என்று துள்ளினார் கணவர். நிஜமாகவே கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"இவர் பூசல. ஆனா பட்டிருக்கு. சிவப்பழகு தரும்னு விக்கிற க்ரீம் சிலதுல இதே ஸ்டீராய்டைக் கலந்துடறாங்க. அதை ஒருத்தர் கன்னத்துல பூசினா, இன்னொருத்தர் வாயில எப்படி ஒட்டும்னு நானா சொல்லணும்?"

கணவரின் துள்ளல் பாதியில் நின்றது. "டாக்டர், ஒரு மாத்திரை எழுதிக் குடுத்துடுங்க, கடைக்கு நேரமாச்சு."

"இருங்க சார், என்ன அவசரம்! முகம் அசிங்கமா இருந்தவரைக்கும் கிட்டயே சேர்த்திருக்க மாட்டாங்க. அதான் ஆறிடுச்சு. ஆறினதும் மறுபடி கொஞ்சல். வந்துடுச்சு! எப்படி நம்ம கண்டுபிடிப்பு?"

"மாத்திரைகூட வேணாம், டாக்டர்..."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மா அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"இதுல வெட்கப்பட என்னம்மா இருக்கு? இந்தக் காலத்துல இவ்வளவு ஆசையா இருக்கிற ஜோடியப் பார்க்கறதே அபூர்வம்" என்று பேனாவைத் திறந்தார். "நீங்க பூசற அந்த க்ரீம் பேரை மட்டும் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

மனைவி நிமிர்ந்தாள். கணவரை ஏற இறங்க ஒருமுறை பார்த்தாள்.

"அவரையே கேளுங்க, டாக்டர். நான் க்ரீமே பூசறதில்ல."