தேதியும் போடுங்க

"இந்த ஹாலைத் தவிர வேற எங்க வெச்சாலும் நாம ஈ ஓட்டிக்கிட்டுதான் உட்கார்ந்திருக்கணும் சார். என்னை நம்புங்க," என்றான் கர்ட் டிங்மன், காரை நிறுத்திக்கொண்டே.

மெர்ல் ஹுசாக் நம்பவில்லை. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் ஏதோ ஒரு மூலை. சோளம் அறுத்த வெற்று நிலத்தின்மேல் பனி. நடுவே கிராமத்துத் தீயணைப்புப் படையின் பழைய ஹால். விளையாட்டு வீரர்களின் படம் போட்ட கார்டுகளை வாங்கி விற்கும் கண்காட்சியை நெடுஞ்சாலை ஹோட்டலில் வைப்பார்கள், மாலில் வைப்பார்கள். இங்கே கொண்டுவந்து வைக்க ஒருவனுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ!

"பெட்ரோல் பங்க்கூட இல்லாத ஊரு. எவன் வருவான்?"

"டேட்டன்ல பெரிய ஹோட்டல்ல ரெண்டு தடவை வெச்சேன் சார். ரேடியோ விளம்பரம், சின்னப் பசங்களுக்கு இலவசக் கார்டு பாக்கெட், எல்லாம் குடுத்தேன். ஈ, காக்கா வரலை. இங்க நோட்டீஸ்கூட அடிக்கிறதில்லை. விருந்தாளி பேரைச் சொல்லிட்டாப் போதும், பிச்சுக்கிட்டு வருவாங்க."

விருந்தாளி என்ற சொல் மெர்லுக்கு இனித்தது. ஒரு காலத்தில் அவர் பேஸ்பாலில் பந்து வீசியவர். ஒரே ஒரு அக்டோபர் மாலை, இறுதிப் போட்டியில், நாடே அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. அடுத்த வருடம் தோள்பட்டை போனது, கூடவே பெயரும் போனது. போன வசந்தத்தில் வேறொரு கண்காட்சியில் தன் கார்டுகளில் கையெழுத்துப் போட மார்க்கரைத் திறந்து வைத்துக்கொண்டு காலை முழுக்கக் காத்திருந்தார். வந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் கழிப்பறைக்கு வழி கேட்க வந்தவர். "இன்னும் எதுக்குங்க இந்த ஆசை?" என்று மனைவி ஐரீன் சலித்துக்கொண்டாள். ஆனாலும் ஆசை விடவில்லை. ஒரே ஒரு தடவை, தனக்காக ஒரு வரிசை நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

ஹாலின் கதவைத் திறந்தவர் அசந்து போனார்.

வரிசை அவருடைய மேஜையில் தொடங்கிச் சுவரோரமாக வளைந்து பின்வாசலுக்கு வெளியே பனியில் போய்க்கொண்டிருந்தது. எல்லோர் கையிலும் அவர் கார்டு. ஆனால் ஒரு சத்தம் இல்லை. கார்டு கண்காட்சி என்றால் சந்தைக்கடை மாதிரி இருக்கும். பேரம், சிரிப்பு, பாக்கெட் கிழிக்கிற சத்தம் என்று காது அடைத்துப்போகும். இங்கே அவரைக் கண்டதும் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். "வந்துட்டாரு" என்று யாரோ கிசுகிசுத்தது மட்டும் கேட்டது.

மெர்லுக்குக் கண் கலங்கிவிட்டது. மறக்கவில்லை, பாவிகள்!

"தேதியும் போடுங்க சார்," என்றார் முதலில் நின்றவர்.

போட்டார். அடுத்தவரும் அதையே கேட்டார். அதற்கடுத்தவரும் அதையே கேட்டார்.

"ஏம்ப்பா, கார்டுல பேரைத் தவிர வேற என்ன எழுதினாலும் மதிப்பு குறையும். தேதி எதுக்கு? உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும் சார். நீங்க போடுங்க."

பின்னால் நின்ற ஒருவன் எட்டிப் பார்த்தான். "சார், போற வழியில வேற எங்கயாவது கையெழுத்துப் போடுவீங்களா? ஹோட்டல்ல, கடையில?"

"இல்லப்பா. நேரா வீடுதான்."

வரிசை முழுக்க ஒரு நிம்மதிப் பெருமூச்சு ஓடியது. மெர்லின் முதுகு ஏனோ சில்லிட்டது. கதவு திறந்திருக்கிறது, குளிர் உள்ளே வருகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கர்ட் காபியோடு வந்தபோது, "நீ கெட்டிக்காரன்டா! ஹால் ராசியான ஹால்தான். இதுக்கு முன்னாடி இங்க யாரைக் கூப்பிட்ட?" என்று கேட்டார்.

"உங்களை மாதிரிப் பழைய ஆளுங்கதான் சார். மூணு தடவை நடத்தியிருக்கேன். ஒவ்வொரு தடவையும் கூட்டம் ஏறிக்கிட்டேதான் போகுது."

"அப்போ அடுத்த வருஷமும் என்னையே கூப்பிடு."

கர்ட் அவர் முகத்தைப் பார்க்காமல் காபியை மேஜையில் வைத்தான். "ஒரு தடவை வந்தவங்களை நான் மறுபடி கூப்பிடறதில்லை சார்."

பொழுது சாயும் வேளையில் வரிசை முடியப்போனது. மெர்லின் விரல்கள் வலித்தன. இப்படி ஒரு வலிக்காக எத்தனை வருடம் காத்திருந்தார்! நிமிர்ந்து பார்த்தார். கையெழுத்து வாங்கிய ஒருவர்கூடக் கிளம்பவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு, சுவரோரமாக, அவரையே பார்த்தபடி நின்றார்கள்.

"இவங்கெல்லாம் ஏன் போகாம நிக்கிறாங்க?"

"உங்களை வழியனுப்பத்தான் சார்," என்றான் கர்ட்.

கடைசியாக வந்தவள் வாண்டா என்ற வயதான பெண், கம்பளிக் குல்லாய்க்காரி. அன்பான முகம். அவளும் தேதி கேட்டாள். மெர்ல் எழுதிவிட்டுக் கார்டைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"நீயாவது சொல்லும்மா. நல்ல கார்டை எல்லாரும் ஏன் இப்படித் தேதி போட்டுக் கெடுத்துக்கறீங்க?"

வாண்டா திகைத்தாள். "கர்ட் உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையா?" மெல்ல அவர் விரல்களிலிருந்து கார்டை உருவி, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டாள். பிறகு அவர் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"உங்களுக்கு முன்னாடி இந்த நாற்காலியில உட்கார்ந்த மூணு பேரும் அன்னிக்கு ராத்திரியே போய்ச் சேர்ந்துட்டாங்க சார். தேதி இல்லேன்னா, இதுதான் உங்க கடைசிக் கையெழுத்துன்னு நாங்க எப்படி நிரூபிக்கிறது?"