நைனாவின் துடிப்பு

ஆதிநாராயணனின் நெஞ்சில் ஒட்டியிருந்த வயர்களை நர்ஸ் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பக்கத்தில் நின்ற மகன் யஸ்வந்துக்குத் தன் நெஞ்சிலிருந்தே பிடுங்குவது போல இருந்தது.

"ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் நார்மல்" என்றார் டாக்டர் ஹரிதா. "நடக்கறப்போ முட்டி வலிக்குதுன்னு முனகினாரு, அவ்வளவுதான். ஹார்ட்ல ஒண்ணும் இல்ல பாபு."

"அப்ப இது என்ன மேடம்?" யஸ்வந்த் போனை நீட்டினான். அதில் அப்பாவின் இதயத் துடிப்பைக் காட்டும் கோடு ஒரு வாரமாகவே தாறுமாறாகத் துள்ளிக்கொண்டிருந்தது. படுத்துத் தூங்குகிற நேரத்தில்கூட நூற்று நாற்பது.

யஸ்வந்த் பெங்களூரில் வேலை செய்கிறவன். ஞாயிறு தவறாமல் சைக்கிள் மிதிக்கிறவன். நைனாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும், புத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக்கு ஒரு கியர் சைக்கிளும், இதயத் துடிப்பைச் சொல்லும் கைப்பட்டையும் வாங்கி அனுப்பினான். கூடவே பாடம் சொல்லும் வீடியோக்கள் வேறு. மூச்சு வாங்கக் கூடாது, பேசிக்கொண்டே மிதிக்கிற அளவில்தான் துடிப்பு இருக்க வேண்டும் என்று தினம் ஒரு உபதேசம்.

பட்டையின் கணக்கு அவன் போனுக்கே வந்துவிடும். ஒருநாள் கோடு எழும்பாமல் கிடந்தால் போதும், "இன்னிக்கு ஏன் மிதிக்கல நைனா?" என்று பிடித்துக்கொள்வான். அப்புறம் கோடு ஒருநாளும் படுக்கவில்லை. ஆபீஸில் எல்லோரிடமும் அதைக் காட்டிப் பெருமைப்பட்டிருந்தான், பாவம்.

"பட்டை ரிப்பேரா இருக்கும்" என்றார் டாக்டர்.

"நேத்து என் கையில கட்டிப் பாத்தேன் மேடம். கரெக்டா காட்டுது."

டாக்டர் போனை மறுபடி வாங்கிப் பார்த்தார். "இது நிஜம்னா லேட் பண்ணவே கூடாது. ஆனா இவருகிட்ட ஒண்ணுமே இல்லியே. நான் எதுக்குன்னு வைத்தியம் பண்றது?"

யஸ்வந்துக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. சைக்கிள் வாங்கிக் கொடுத்து நானே நைனாவைக் கொல்லப் பார்த்தேனா என்று நினைத்தபோது அழுகை வந்தது.

"நைனா, சென்னைக்குப் போய்டலாம். இன்னிக்கே."

ஆதிநாராயணன் தலையைக் குனிந்துகொண்டு, சட்டைப் பொத்தானைத் தப்புத்தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது காபி ஃபிளாஸ்க்கோடு மாடி ஏறி வந்த அவர் மனைவி சந்திரம்மா, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சை ஒரு கையால் அழுத்திக்கொண்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணும் இல்லப்பா, படி ஏறிக்கினு வந்தேன் இல்ல" என்றாள் மகனிடம், மூச்சு திரும்பிய பிறகு. "நைனாவுக்கு என்னா சொன்னாங்கோ?"

ஆதிநாராயணன் மனைவியையே பார்த்தார். பொத்தான் போடுவதை அப்படியே விட்டார்.

"நீ மனசு கஷ்டப்படுவேன்னு சொல்லலடா" என்றார் மகனிடம். "என் முட்டிக்கு சைக்கிள் ஒத்துக்கல."

"அதுக்கு இப்ப என்ன நைனா?"

"கோடு படுத்தா நீ கேப்பியேன்னு, அந்தப் பட்டைய ராத்திரி பகலா கட்டிக்கினு இருந்தது உங்கம்மா."