டார்ச் லைட் வழக்கு

பேர்ல் ஹார்பரில் ஜப்பான் குண்டு போட்டதும் ஹொனலுலு ஜட்ஜுகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ராணுவமே கோர்ட்டு நடத்தத் தொடங்கியிருந்தது. வக்கீல் கிடையாது. ஒரு வழக்குக்கு ஐந்து நிமிடம். மேஜர் விட்லாக்கின் மேஜைமேல் சட்டப் புத்தகம் இல்லை, துப்பாக்கி இருந்தது.

எதிரே ஹருயோ நின்றாள். முப்பது வருடமாக இந்த ஊர்தான். ஆனால் பிறந்தது ஜப்பானில்.

"வீட்ல டார்ச் லைட் வச்சிருந்தியா?"

"கக்கூஸ் கொல்லையில இருக்குங்க சார். வழியெல்லாம் பூரான்."

"ஜப்பான்காரங்க டார்ச் வச்சிருக்கக் கூடாதுன்னு ஜெனரல் உத்தரவு போட்டது தெரியாதா? ரேடியோ கூடாது, கேமரா கூடாது. உங்க கையில எதைக் குடுத்தாலும் ஆபத்துதான்."

"எதைக் குடுத்தாலுமா சார்?"

"எதிர்க்கேள்வி வேறயா? அம்பது டாலர் அபராதம். இல்லைன்னா ஆஸ்பத்திரியில போய் ரத்தம் குடு. காயம்பட்ட சிப்பாய்ங்களுக்கு ஆகும்."

"ரத்தமே குடுத்துடறேன் சார்."

தீர்ப்பு எழுதி முடித்த மேஜர் தாடையைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

"நாலு மணிக்குள்ள வந்துடுவ இல்ல? ஜெனரல் வீட்ல விருந்து இருக்கு."

"வந்துடறேன் சார்."

நாலு மணிக்கு ஹருயோவின் சலூன் நாற்காலியில் சாய்ந்த மேஜர், கண்ணை மூடிக் கழுத்தை நீட்டினார். கையில் ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சோடு ஹருயோ சவரக்கத்தியைத் தோல்வாரில் நாலு இழுப்பு இழுத்துத் தீட்டினாள். அதை அவர் தொண்டையில் வைத்தாள்.

"பாத்து. ரத்தம் வந்துடப் போகுது," என்றார் மேஜர்.

"பயப்படாதீங்க சார். இங்க சவரம் மட்டும்தான். ரத்தம் எடுக்கிறதெல்லாம் உங்க கோர்ட்டுல."