நிலவில் ஓட்டுநர் வேலை

செண்பகவல்லிக்கு ஒரே வாரத்தில் இரண்டு பகுதிநேர வேலைகள் கிடைத்தன. இரண்டையும் கோவில்பட்டி வீட்டிலிருந்தே பார்க்கலாம். மொழிபெயர்ப்பு வேலைக்குச் சம்பளம் அதிகம். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்க வேண்டும். மற்றது, நிலவில் மண் அள்ளும் வண்டியை இங்கிருந்தே ஓட்டுவது. அதை அண்ணன் எசக்கிமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்தே செய்யலாம். லாரி ஓட்டும்போது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோன அவனுக்கு அவளைத் தவிர யாருமில்லை.

அவள் நிலவைத் தேர்ந்தெடுத்தாள்.

"எனக்காக நல்ல வேலைய விட்டுட்டியே, தாயி" என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

முதல் நாள் வேலை முடிந்ததும் வண்டியை ஒரு மேட்டில் நிறுத்திவிட்டு, வண்டியின் கேமரா காண்பதைக் கண்முன் காட்டும் தன் கண்ணாடியைக் கழற்றி அவனுக்கு மாட்டினாள். அவன் தலையை அசைத்த பக்கமெல்லாம் அங்கே கேமராவும் திரும்பியது. சாம்பல் நிறச் சமவெளி முடிகிற இடத்தில், கருத்த வானத்தில், நீலமாகப் பூமி நின்றது.



"நாம அதுலயா இருக்கோம்?"

"ஆமாண்ணே."

"இம்புட்டுத் தூரம் நான் லோடு ஏத்திக்கிட்டுக்கூட வந்ததில்ல, தாயி."

கண்ணாடிக்கு அடியில் வழிந்த நீரைத் துடைக்க அவள் கையை நீட்டினாள்.

"பொறு" என்றான். "இன்னும் கொஞ்சம் பாத்துக்கிடுதேன்."