இளவேனி திறந்த கதவு

டீத்தண்ணியில் இரண்டாம் முறை முக்கி எடுத்த பிறகுதான் தாளுக்குச் சரியான பழுப்பு வந்தது. ஞானசெல்வி அதை மின்விசிறிக்கு நேராகப் பிடித்து உலர்த்தினாள்.

"ஏட்டி, என்னது இது? யாரு சொத்துப் பத்திரத்தையாவது மாத்துதியா?" அம்மா ஆனந்தவல்லி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சும்மா இரும்மா, நீ வேற!"

சொத்துப் பத்திரமாக இருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். இது நியாஸ் அகமதுவின் புத்தகம்.

சங்கரன்கோவில் வட்டாரத்தில் மாயாஜாலக் கதையும் விண்வெளிக் கதையும் பித்துப் பிடித்துப் படிக்கிறவர்கள் நாலே பேர். மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் கூடி, இப்போது என்ன படிக்கிறோம், அடுத்து என்ன படிக்கப் போகிறோம் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். அங்கே சட்டம் ஒன்றே ஒன்றுதான். எந்தக் கதையின் முடிவைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. வாய் தவறினால் எல்லாருக்கும் வடையும் டீயும் வாங்கித் தரவேண்டும்.

நாலு பேரில் மூத்தவர் நியாஸ். கடையநல்லூரில் செல்போன் கடை. அடுத்து என்ன என்று கேட்டால் மாதாமாதம் அவரிடம் ஒரே பதில்தான்: "ஏழாம் நிலவின் வாசல்."

"கையில இருக்க புத்தகத்த இன்னும் எத்தன தடவதான் அண்ணாச்சி படிப்பீய?" என்று ஞானசெல்வி கேட்பாள். அதை அவரிடம் ஏற்கெனவே இரவல் வாங்கிப் படித்துவிட்ட மற்ற இருவரும், தறி மெக்கானிக் மாரிசெல்வமும் நர்ஸ் ரைஹானாவும், ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள்.

புத்தகத்தைப் போட்ட பதிப்பகமே இப்போது இல்லை. வேறெங்கும் கிடைக்காது. "என் உசுர உன் கையில தாரேன் தங்கச்சி" என்று சொல்லித்தான் போன மாதம் அவளிடம் கொடுத்தார்.

சிவகிரி பஸ்ஸில் படித்துக்கொண்டு வந்தாள். வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டதில் புத்தகம் விழுந்து, தையல் விட்டு, தாளெல்லாம் சீட்டுக்கடியில் சிதறிவிட்டது. பொறுக்கி அடுக்கினாள். வீட்டுக்கு வந்து மிச்சத்தை வாசித்து முடிக்கப்போன போதுதான் கவனித்தாள். விண்கலம் ஓட்டும் இளவேனி, ஏழாம் நிலவின் கதவைத் திறக்கிறாள். 'உள்ளே நின்றிருந்தது' என்ற இடத்தோடு சரி. அதற்கு மேல் தாள் இல்லை.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் அந்தக் கண்டக்டரைத் தேடிப் பிடித்தாள். "வண்டியப் பெருக்கித் தள்ளியாச்சேம்மா" என்றார் அவர். ரைஹானாவுக்குப் போன் போட்டு, "கதவுக்குப் பின்னால யாரு நிக்கான்னு மட்டும் சொல்லுட்டி" என்று கெஞ்சினாள்.

"முடிவு பேசக் கூடாது தாயி. ஊருக்கெல்லாம் வடை வாங்க எங்கிட்ட துட்டு இல்ல" என்று சிரித்தபடி ரைஹானா போனை வைத்துவிட்டாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நியாஸ் கடையை மூடிவிட்டு கத்தாருக்கு வேலைக்குப் போகிறார். பெட்டியில் இந்த ஒரு புத்தகத்துக்கு மட்டும் இடம் வைத்திருக்கிறாராம். அப்படிப் போகிற மனுஷனிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

ஞானசெல்வி கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் டைப் அடிக்கிறவள். எழுத்தையும் வரி அகலத்தையும் பொருத்துவது அவளுக்குப் பெரிய காரியமில்லை. கதவுக்குப் பின்னால் யாரை நிறுத்துவது என்பதுதான் பாடாய்ப் படுத்தியது. கடைசியில், முதல் அத்தியாயத்தில் இளவேனி பூமியிலேயே விட்டுவிட்டு வந்த அம்மாவைக் கொண்டுவந்து நிறுத்தினாள். 'சாப்பிட்டியா?' என்று கேட்க வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஸ்டேஷனுக்குப் போனபோது மூவரும் முன்பே வந்திருந்தார்கள். நியாஸ் ஏறவேண்டிய ரயில் வருகிற நேரம்.

"என்ன, முடிச்சிட்டியா?" மாரிசெல்வம் கண்ணைச் சிமிட்டினான்.

"ம்." புத்தகத்தை நீட்டினாள்.

நியாஸ் புத்தகத்தின் முதுகைத் தடவிப் பார்த்தார். "தையல் புதுசா இருக்கே?"

"விட்டுப் போச்சு அண்ணாச்சி. நாந்தான் தச்சேன்."

அவர் புரட்டிக்கொண்டே போனார். கடைசிக்கு வந்ததும் விரல் நின்றது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். ரயில் வந்து நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை.

கண்டுபிடித்துவிட்டார். ஞானசெல்விக்கு எண்சாண் உடம்பும் ஒரு சாணாய்க் குறுகிப் போயிற்று. தொலைத்தது ஒரு தப்பு, பொய்ப் பக்கம் ஒட்டியது அதைவிடப் பெரிய தப்பு. ஊரை விட்டுப் போகிற நல்ல மனுஷனை ஏமாற்றப் பார்த்தோமே என்று அழுகை முட்டியது. திட்டினால் திட்டட்டும், சொல்லிவிடுவோம்.

"அண்ணாச்சி, அந்தக் கடைசிப் பக்கம் வந்து..."

நியாஸ் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். பக்கத்தில் மாரிசெல்வமும் ரைஹானாவும் வாயைப் பிளந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பழைய புத்தகக் கடையில நான் வாங்கும்போதே இல்லாத பக்கம்லா இது, பத்து வருசமாத் தேடுதேன்... உனக்கு எங்கன தங்கச்சி கெடச்சுது?"