கரடி ஸ்டிக்கர்

"அந்த ரக கேம் பெட்டி மூணுக்கு ஒண்ணு சூடேறியே செத்துப்போகும், மச்சான். சிவப்பு லைட் எரிஞ்சா அதோட கதை முடிஞ்சுது!" நன்றித் திருநாள் வான்கோழியை மென்றபடியே அக்கா புருஷனைச் சீண்டினான் டேல்.

"எங்க கேம் பெட்டியில ஒருநாளும் எரிஞ்சதில்ல. கல்யாணமான முதல் கிறிஸ்துமஸுக்கு கொரின் வாங்கித் தந்தது, கல்லு மாதிரி இருக்கு." பெட்டியின் மேலிருந்த கரடி ஸ்டிக்கரைச் செல்லமாகத் தட்டினான் ட்ராவிஸ்.

கொரின் சட்டென்று எழுந்தாள். தம்பியைச் சமையலறைக்கு இழுத்துப்போனாள்.

"டேய், வாயை மூடு. போன வசந்தத்துலயே சிவப்பு லைட் எரிஞ்சுடுச்சு. ட்ராவிஸ் வேலைக்குப் போயிருந்தப்ப, அதே மாதிரி பழைய பெட்டி ஒண்ணு வாங்கி, ஹார்ட் டிஸ்க்கை மாத்தி, ஸ்டிக்கரையும் உரிச்சு ஒட்டினேன். தெரிஞ்சா மனுஷன் ஒடைஞ்சுபோயிடுவான்."

டேல் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "ஸ்டிக்கர் சுலபமா உரிஞ்சு வந்திருக்குமே?"

"ஆமா. உனக்கெப்படித் தெரியும்?"

"அதுக்கு முந்தின வருஷம் அதை உரிச்சு வேற பெட்டியில பசை போட்டு ஒட்டினதே நான்தான். நீ வாங்கித் தந்தது செத்துப்போச்சுன்னு தெரிஞ்சா நீ அழுவேன்னு, மச்சான் என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

கொரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். ட்ராவிஸின் தோளில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அவன் கிடக்கிறான், விடு. நான் வாங்கித் தந்த பெட்டிக்கு ஒருநாளும் ஒண்ணும் ஆகாது."