வேறு நாடு

பாதிப் படியில் நின்றுவிட்டாள்.

கீழே, கல்தூணில் சாய்ந்து நின்றவன் குணாளன்.

அவள் கணவன். அவளருகே வரக்கூடாது என்று எட்டு மாதங்களுக்கு முன்பே சிங்கப்பூர் நீதிமன்றம் அவனுக்கு உத்தரவு போட்டிருந்தது.

இங்கே கம்போடியாவில், தொள்ளாயிரம் ஆண்டுப் பழைய கோயிலில், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையோடு அண்ணாந்து பார்த்துச் சிரித்தான்.

பின்னால் கூட்டம். படியோ செங்குத்து. மேலே ஏறத்தான் முடிந்தது.

மேல்தளத்தில் இளவரசி காத்திருந்தாள். பள்ளிக்கூடத் தோழி. மூன்று பேரும் சனி ஞாயிறுக்குக் கோயில் பார்த்துவிட்டு வரலாம் என்றவள், டிக்கெட் போட்டவள் எல்லாம் அவள்தான்.

கூட வந்த ரெஜினா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரில் இருந்த சிற்பத்தைப் படமெடுக்கத் தொடங்கினாள்.

ரெஜினாவுக்கும் தெரிந்திருக்கிறது.

"கத்தாதே," என்றாள் இளவரசி. "ஒரு பத்து நிமிஷம் பேசு. அவரு ரொம்ப மாறிட்டாரு."

அவள் கத்தவில்லை. இடது மணிக்கட்டைத் திருப்பி, இளவரசியின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

அவன் முறித்த எலும்புக்குத் தகடு வைத்துத் தைத்த கோடு.

அன்றைக்கு அவளை டாக்சியில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் இளவரசி. டாக்டரிடம் நடந்ததைச் சொல்லி அழுதவளும் இளவரசி.

"இன்னும் எத்தனை நாளைக்குடி அதையே காட்டுவே?"

ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. கை உயர்ந்ததோ என்னவோ, இளவரசி ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

மேல்தளத்தில் கால்மணி நேரம்தான் நிற்க விடுவார்கள். காவலுக்கு நின்ற பெண் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். இறங்க வேண்டும்.

இறங்கினால் அவன்.

அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தாள். புரியவில்லை. தழும்பைக் காட்டினாள். பிறகு, கீழே வெள்ளைச் சட்டையைக் காட்டினாள்.

காவல்காரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தொப்பியை அழுத்திக்கொண்டு, தானே முன்னால் இறங்கினாள்.

கடைசிப் படியில் அவன் வழியை மறித்தான்.

"கோர்ட்டு ஆர்டரெல்லாம் அங்கதானே," என்றான், மெதுவாக. "இது வேற நாடு."

கையை நீட்டினான்.

காவல்காரி நடுவில் புகுந்தாள். அவன் தோளுக்குக்கூட வரமாட்டாள். ஆனால் நகரவில்லை. விசிலை எடுத்து உதட்டில் வைத்தாள். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் கையை மடக்கிக்கொண்டான். சிரிப்பை மட்டும் மாற்றவில்லை.

அவள் ஓடவில்லை. நீளமான கல்பாதையில் நடந்தாள். பாஸ்போர்ட் தோள்பையில் இருந்தது. பெட்டி கிடக்கட்டும். வெளியே நின்ற டுக்டுக்கில் ஏறி, "ஏர்போர்ட்" என்றாள்.

இளவரசி மூச்சிரைக்க ஓடிவந்து வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் பின்னால், அவசரமே இல்லாமல், குணாளன்.

"தனியா எங்கடி போவே?"

"என் வீட்டுக்கு."

அவன் கண்ணில் படக்கூடாது என்று தேடித் தேடிப் பிடித்த வாடகை வீடு. அவசரத்துக்கு இருக்கட்டுமே என்று, மாற்றுச்சாவியை ஒரே ஒருத்தியிடம் கொடுத்து வைத்திருந்தாள்.

உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"சாவியக் குடு."

இளவரசி பையைத் திறக்கவில்லை.

திரும்பி, அவன் சட்டைப்பையைப் பார்த்தாள்.